பெட்டியும் கரும்பலகையும்: ஹோஷங்காபாத் அறிவியல் வகுப்பு பற்றி ஒரு மறுவாசிப்பு

ஆறு முதல் எட்டு வரையான வகுப்புகளில் அறிவியல் பாடத்தின் மீது பிள்ளைகளுக்கு ஈடுபாடு எதனால் நிலைக்கிறது என்ற விவாதத்தில் ஹோஷங்காபாத் அறிவியல் கற்பித்தல் திட்டம் அடிக்கடி சாட்சிக்கு அழைக்கப்படுகிறது. அழைப்பவர்கள் அதனிடம் கேட்டு வாங்கும் சாட்சியம் பெரும்பாலும் ஒன்றுதான்: கையில் பொருளைக் கொடுங்கள், பிள்ளை தானே ஈடுபடும். 1972இல் மத்தியப் பிரதேசத்தின் ஹோஷங்காபாத் மாவட்டத்தில் 16 நடுநிலைப் பள்ளிகளில் தொடங்கி, 1978இல் மாவட்டத்தின் எல்லா நடுநிலைப் பள்ளிகளுக்கும் விரிந்து, 2002இல் அரசாணையால் நிறுத்தப்பட்ட அந்தத் திட்டத்தை இப்படி வாசிக்கும்போது அதன் நாயகனாக நிற்பது சோதனைப் பெட்டி. நால்வர் கொண்ட குழு, நடுவில் பெட்டி, கண்ணாடிக் குழாயைச் சுற்றிக் குனிந்த தலைகள் என்ற காட்சியே திட்டத்தின் முகவரியாகிவிட்டது. பெட்டியின் பங்கை நான் மறுக்கவில்லை. ஆனால் ஈடுபாட்டுக்குக் காரணம் பெட்டி என்ற வாசிப்பு, திட்டம் விட்டுச்சென்ற முதன்மையான ஆவணத்தோடு, அதாவது ‘பால் வைக்யானிக்’ என்ற அதன் பாடநூலோடு, பொருந்தவில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம். பிள்ளைகளைப் பிடித்து வைத்தது கையிலிருந்த பொருள் என்பதைவிட, விடை இன்னும் முடிவாகாத ஒரு கேள்வியும், அந்த முடிவு தன் குழுவின் அளவீட்டையும் சேர்த்தே எடுக்கப்படும் என்ற நிலையும்தான் என்று அந்நூல் நம்மை எண்ண வைக்கிறது.

இந்த வேறுபாடு ஏட்டளவில் நிற்பதல்ல. எந்த வாசிப்பை ஏற்கிறோமோ அதற்கேற்பவே அரசுகள் பணம் செலவிடுகின்றன. தமிழ்நாட்டில் 2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம், அரசுப் பள்ளிகளின் ஆறு முதல் எட்டு வகுப்புகளுக்குச் சோதனைக் கருவிகளோடு கருத்தாளர்களை இருசக்கர வாகனங்களில் அனுப்புகிறது. திட்டத்தின் நோக்கத்தில் குறை காண ஒன்றுமில்லை. கருவி வந்து சேரும் நாள் பிள்ளைகளுக்குத் திருவிழா என்பதும் உண்மையாக இருக்கலாம். பெட்டி வாசிப்பு சரியென்றால் இப்படிப்பட்ட திட்டத்துக்கு வருகைகளின் எண்ணிக்கையைக் கூட்டினால் போதும். அது தவறென்றால், எத்தனை முறை வந்தாலும் கருத்தாளர் கிளம்பிய பின் வகுப்பில் என்ன மிஞ்சுகிறது என்பதே கேள்வி. வானவில் மன்றத்துக்கு முன்பு தமிழ்நாட்டின் நடுநிலை வகுப்புகளில் நடைமுறைக்கு வந்த படைப்பாற்றல் கல்வியும் இந்த இடத்தில் நினைக்கத் தக்கது. அங்கே வாசிப்பு, மனவரைபடம், குழு விவாதம், தொகுத்தல் என்று பிள்ளைகள் இடைவிடாமல் எதையாவது செய்துகொண்டிருந்தார்கள். ஆனால் மனவரைபடத்தின் கிளைகள் எங்கே போய் முடிய வேண்டும் என்பது பாடநூலின் பத்தியிலேயே எழுதப்பட்டிருந்தது. செயல் இருந்தது, தீராத கேள்வி இல்லை. இரண்டையும் ஒரே பெயரால் அழைத்ததுதான் நம் கல்வி விவாதத்தின் பெரிய குழப்பம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இனி நூலுக்கு வரலாம். ஒரு பாடநூலை வைத்துக்கொண்டு வகுப்பறையில் நடந்ததை ஊகிப்பது ஆபத்தானது. அச்சிட்டபடி நடந்த வகுப்பு எந்த நாட்டிலும் இல்லை. என்றாலும் ‘பால் வைக்யானிக்’ வழக்கமான பாடநூல் அல்ல. கோடையில் நடந்த மூன்று வாரப் பயிற்சிகளிலும் மாதாந்திரக் கூட்டங்களிலும் ஆசிரியர்கள் சொன்னவற்றைக் கொண்டு அது திருத்தப்பட்டது. எனவே அதன் சொல்லமைப்பில் வகுப்பின் தடம் ஓரளவு பதிந்திருக்கிறது என்று கொள்வதில் தவறில்லை. அந்த நூலின் முதல் இயல்பு, அது எதைச் சொல்லவில்லை என்பதில் இருக்கிறது. வரையறைகள் இல்லை, சோதனையின் முடிவு அச்சில் இல்லை. செய்முறை வருகிறது, உடனே கேள்வி வருகிறது, விடையைப் பிள்ளை தன் குறிப்பேட்டில் எழுத வேண்டும். செய்முறைகளைவிடக் கேள்விகளே நூலை நடத்திச் செல்கின்றன. பெட்டியே நாயகன் என்றால், பொருள் பேசி முடித்த பிறகும் இத்தனை கேள்விகளுக்கு என்ன வேலை?

பெட்டி வாசிப்பை உரசிப் பார்க்கச் சிறந்த இடம், பெட்டிக்கு வேலையே இல்லாத பாடங்கள். அளவீட்டில் ஏற்படும் ஏற்ற இறக்கம் பற்றிய பாடத்தை எடுத்துக்கொள்வோம். தேவையானது ஓர் அளவுகோல் மட்டுமே. ஒரே நீளத்தைப் பலர் அளக்கிறார்கள், எண்கள் ஒத்துப்போவதில்லை. வழக்கமான வகுப்பில் இந்த இடத்தில் ஆசிரியர் சரியான அளவைச் சொல்லி மற்றவற்றை அடித்துவிடுவார். இந்நூலோ எண்கள் மாறுபடுவதையே பாடமாக்குகிறது. எது சரி என்று எப்படி முடிவு செய்வது, எவ்வளவு வேறுபாட்டைப் பொறுத்துக்கொள்ளலாம், மறுபடி அளந்தால் என்ன ஆகும் என்று கேட்கிறது. பதினொரு வயதுப் பிள்ளைக்கு இதில் கண்ணைப் பறிக்கும் காட்சி ஒன்றுமில்லை. நிறம் மாறும் திரவம் இல்லை, ஒளிரும் விளக்கு இல்லை. ஆனாலும் ஒன்று நடக்கிறது: தன் எண் தவறாகவே இருந்தாலும் அது கரும்பலகையில் ஏறுகிறது, மற்றவர்களின் எண்ணோடு நின்று விளக்கம் கேட்கிறது. பின்வரிசையில் இருப்பவனின் அளவீட்டை விட்டுவிட்டால் அட்டவணை முழுமையாகாது.

நிகழ்தகவு பற்றிய பாடம் இதை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. நாணயம் சுண்டுவதும், விழுந்ததைக் குறிப்பதும், குழுக்களின் எண்ணிக்கைகளைச் சேர்த்துப் பார்ப்பதும்தான் அதன் அடிப்படை. பூவா தலையா என்பது எந்தப் பிள்ளைக்கும் புதிய விளையாட்டல்ல. புதுமையால் வரும் ஈர்ப்பு இங்கே ஏறக்குறைய பூஜ்யம். கணக்கைப் பார்ப்போம். பத்து முறை சுண்டினால் தலை ஏழோ அதற்கு மேலோ, அல்லது மூன்றோ அதற்குக் கீழோ விழுவதற்கான வாய்ப்பு மூன்றில் ஒன்றுக்குச் சற்று மேல். அதாவது பத்துக் குழுக்கள் இருந்தால் சராசரியாக மூன்று நான்கு குழுக்களிடம் ‘பாதிக்குப் பாதி’ என்ற எதிர்பார்ப்பைப் பொய்யாக்கும் எண்கள் இருக்கும். அந்தக் குழுக்கள் தாங்கள் ஏதோ தவறு செய்துவிட்டதாக நினைக்கும். பத்துக் குழுக்களின் நூறு சுண்டல்களையும் கூட்டினால், தலை 40க்குக் குறைவாகவோ 60க்கு மேலாகவோ போவது நூற்றுக்கு நான்கு தடவைகூட இல்லை. தனித்தனியே கோணலாக நின்ற எண்கள் கூட்டுத்தொகையில் நிமிர்கின்றன. எந்தக் குழுவும் தனியாக இந்த முடிவை அடைய முடியாது. எந்தக் குழுவின் எண்ணையும் விலக்கிவிட்டும் இதற்கு நேர்மையாக வர முடியாது. ஏழு தலை விழுந்த குழு தவறு செய்யவில்லை என்பதைக் காட்டுவதற்கும் மூன்று தலை விழுந்த குழு வேண்டியிருக்கிறது. பாடத்தின் கருவி இங்கே நாணயம் அல்ல, கரும்பலகையில் எழும் கூட்டு அட்டவணை. பெட்டி வாசிப்பைச் சொன்னவர்கள் இந்தப் பாடத்தைப் பெரும்பாலும் கணக்குப் பாடத்தின் கிளை என்று ஓரங்கட்டிவிடுகிறார்கள். அது நூலின் நடுநரம்பு என்பது என் கணிப்பு.

இவ்விரு பாடங்களும் விதிவிலக்குகள் என்று சொல்லலாம். அப்படியானால் பொருள் நிறைந்த ஒரு பாடத்தைப் பார்ப்போம். இலைகளைச் சேகரித்து வகைப்படுத்தும் பாடத்தில் பொருளுக்குப் பஞ்சமில்லை, கிராமம் முழுக்க இலைதான். இருந்தும் நூல் இலைகளை இரசிக்கச் சொல்லி நிற்பதில்லை. எந்தப் பண்பை வைத்துப் பிரிக்கிறாய், அந்தப் பண்பை வைத்தால் எந்த இலை இரண்டு கூட்டத்திலும் இடம் கேட்கிறது என்ற திசையில் போகிறது. அடுத்த குழு வேறொரு பண்பை வைத்து வேறுவிதமாகப் பிரித்திருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் சரியாக இருக்கலாம் என்பதும், ஒன்று மற்றதைவிடப் பயனுள்ளதாக இருக்கலாம் என்பதும் விவாதத்தில்தான் வெளிவரும். பொருள் இருக்கும் இடத்திலும் வகுப்பை இழுத்துச் செல்வது குழுக்களுக்கிடையேயான வேறுபாடு. ஆகவே ஒரே இழை மூன்று பாடங்களிலும் ஓடுகிறது: சோதனை வகுப்பைத் தொடங்கி வைக்கிறது, முடிவுகள் ஒத்துப்போகாமை அதைத் தொடரச் செய்கிறது.

தேர்வு முறையையும் இந்த வாசிப்பில்தான் வைத்துப் பார்க்க வேண்டும். ஹோஷங்காபாத்தில் எழுத்துத் தேர்வுக்குப் பிள்ளைகள் பாடநூலையும் தங்கள் குறிப்பேட்டையும் கொண்டு போகலாம். செய்முறைத் தேர்வும் தனியாக உண்டு. இதைத் தாராள மனப்பான்மை என்றோ, மனப்பாடத்துக்கு எதிரான கொள்கைப் பிரகடனம் என்றோ வருணிப்பது வழக்கம். நான் அதை ஓர் உடன்படிக்கையாகப் பார்க்கிறேன். ஆண்டு முழுவதும் பிள்ளை தன் கையால் எழுதிய விடைகளுக்கு ஆண்டிறுதியிலும் மதிப்பு உண்டு என்று தேர்வு உறுதி சொல்கிறது. அந்த உறுதி இல்லாத இடத்தில், பன்னிரண்டு வயதுப் பிள்ளைகூட விரைவில் கணக்குப் போட்டுவிடும்: வகுப்பில் என்ன விவாதித்தாலும் கடைசியில் கேட்கப்போவது புத்தகத்தின் பின்பக்க வினாக்கள்தான் என்றால், விவாதம் ஓய்வு நேரம். அந்தப் பிள்ளையை ஈடுபாடற்றது என்று சொல்வது அநியாயம். பள்ளி எதைப் பொருட்படுத்துகிறது என்பதை அது சரியாகப் படித்திருக்கிறது. நம் பள்ளிகளில் செயல்பாட்டு முறைகள் வந்தபோது தேர்வு தொடப்படாமல் இருந்ததை வெறும் நிர்வாகத் தாமதம் என்று கடந்துபோக முடியாது.

நூலை மட்டும் நம்பி இவ்வளவு சொல்வது போதாது என்பதால் வெளிச் சான்றுகளையும் பார்க்க வேண்டும். இங்கிலாந்துப் பள்ளிகளின் 25 அறிவியல் வகுப்புகளை நேரில் கவனித்து ஆப்ரகாம்ஸும் மில்லரும் 2008இல் வெளியிட்ட ஆய்வு, செய்முறை வகுப்புகளில் பிள்ளைகள் ஆசிரியர் சொன்னபடி பொருட்களைக் கையாளுகிறார்கள், ஆனால் அதன் பின்னுள்ள கருத்துகளைக் கொண்டு சிந்திப்பது அரிது என்று காட்டியது. அடுத்த ஆண்டே ஆப்ரகாம்ஸ் தனியாக எழுதிய கட்டுரை நமக்கு இன்னும் நெருக்கமானது. செய்முறை தருவது அந்த வேளைக்கான ஆர்வம், அது பாடத்தின் மீதான நிலைத்த விருப்பமாக மாறுவதில்லை, அதனால்தான் அதை மீண்டும் மீண்டும் ஊட்ட வேண்டியிருக்கிறது என்பது அதன் சாரம். பெட்டி வாசிப்புக்கு இதைவிட நேரான மறுப்பு வேண்டியதில்லை. ஹார்வர்டில் எரிக் மசூர் குழுவினர் 2004இல் வெளியிட்ட ஆய்வு மறுபாதியைத் தருகிறது. இயற்பியல் செயல்விளக்கத்தை வெறுமனே பார்த்த மாணவர்கள், அதைப் பார்க்காதவர்களைவிடப் பெரிதாகப் புரிந்துகொள்ளவில்லை. என்ன நடக்கும் என்று முன்பே கணித்துச் சொல்லிவிட்டுப் பார்த்தவர்கள் கூடுதலாகப் புரிந்துகொண்டார்கள். கணிப்புக்கு ஆன கூடுதல் நேரம் இரண்டொரு நிமிடம்தான். அவர்கள் கல்லூரி மாணவர்கள் என்பதால் இதை அப்படியே ஏழாம் வகுப்புக்குப் பொருத்தக் கூடாது.

சிறுவர்களிடம் அதே அமைப்பைப் பார்க்க வேண்டுமானால் ஜப்பானுக்குப் போகலாம். இடாகுரா கியோனோபு 1963இல் முன்வைத்த கருதுகோள்–சோதனை வகுப்பு என்ற முறையில் பாடம் ஒரு கேள்வியோடும் சில மாற்று விடைகளோடும் தொடங்குகிறது. பிள்ளைகள் ஆளுக்கொன்றைத் தேர்ந்து கையுயர்த்துகிறார்கள், எண்ணிக்கை பலகையில் ஏறுகிறது, வாதம் நடக்கிறது, கடைசியில்தான் சோதனை. எடை பற்றிய அவருடைய புகழ்பெற்ற கேள்வி: எடைபார்க்கும் கருவியின் மேல் இரண்டு காலில் நிற்பது, ஒற்றைக்காலில் நிற்பது, குந்திக்கொண்டு தசைகளை இறுக்குவது, இவற்றில் எப்போது எடை அதிகம் காட்டும்? கருவி எல்லோருக்கும் தெரிந்தது, சோதனை அரை நிமிடம். ஆனால் வகுப்பு மூன்றாகப் பிரிந்து நிற்கும்போது அந்த முள்ளைப் பார்க்காமல் யாரால் இருக்க முடியும்? இந்த முறையை அடியொற்றி ஆராய்ந்த இனாகாகி, ஹதானோ இருவரும், மாறுபட்ட கணிப்புகள் மோதிய பின் பிள்ளைகளின் அறியும் ஆவல் பெருகுவதாகக் கண்டார்கள். ஹோஷங்காபாத்தில் சோதனைக்குப் பின் முளைத்த வேறுபாட்டை இடாகுரா சோதனைக்கு முன்பே வரவழைத்தார். வரிசை மாறினாலும் வகுப்பைத் தாங்கும் தூண் ஒன்றே.

நேரடியாகக் கற்பிப்பதே சிறந்தது என்னும் எதிர்த்தரப்பின் வலுவான ஆயுதம் கிளார், நிகம் இருவரும் 2004இல் வெளியிட்ட ஆய்வு. மூன்று, நான்காம் வகுப்புப் பிள்ளைகளில் நேரடியாகக் கற்பிக்கப்பட்டவர்களில் 77 விழுக்காட்டினரும், தாமாகக் கண்டறிய விடப்பட்டவர்களில் 23 விழுக்காட்டினரும் மாறிகளைக் கட்டுப்படுத்தும் உத்தியில், அதாவது ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிச் சோதிப்பதில், தேர்ச்சி பெற்றார்கள். இதைக் காட்டி, கண்டறிந்து கற்றல் எல்லாமே நேர விரயம் என்று சொல்பவர்கள் உண்டு. முடிவின் உறுதியை நான் சந்தேகிக்கவில்லை. அது எதை எதோடு ஒப்பிட்டது என்பதில்தான் கருத்து வேறுபடுகிறேன். கண்டறிய விடப்பட்ட பிள்ளைகளுக்குச் சரிவுப் பலகையும் பந்துகளும் கிடைத்தன. எடுத்துக்காட்டு இல்லை, விளக்கம் இல்லை, யாரும் கேள்வி கேட்கவில்லை, தன் முடிவோடு முரண்படும் இன்னொரு பிள்ளையும் அருகில் இல்லை. நேரடியாகக் கற்பிக்கப்பட்டவர்களிடமோ, ஆசிரியர் ஒரு சோதனையை அமைத்துக் காட்டி, இதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியுமா என்று கேட்டார். பிறகுதான் ஏன் முடியும், ஏன் முடியாது என்று விளக்கினார். அதாவது, பொருள் இரு தரப்புக்கும் கிடைத்தது. தீர்க்கப்பட வேண்டிய கேள்வி ஒரு தரப்புக்கு மட்டுமே கிடைத்தது. விளக்கத்தின் பங்கையும் கேள்வியின் பங்கையும் அந்த ஆய்வு பிரித்துக் காட்டவில்லை என்பதால் என் வாதத்துக்கு அதை முழு ஆதரவாகக் கொள்ள முடியாது. ஆனால் பெட்டி மட்டும் கொடுக்கப்பட்ட பிள்ளைகள் தோற்ற கதையாக அதை வாசிக்கத் தடையில்லை. ‘பால் வைக்யானிக்’ அடிக்கொரு கேள்வியால் பிள்ளையைக் கைப்பிடித்து நடத்துகிறது. அதை வழிகாட்டாத கண்டறிதலின் வரிசையில் வைப்பது நூலைத் திறக்காமல் செய்யும் விமர்சனம்.

பெட்டியே இல்லாமல் பேச்சால் மட்டும் வகுப்பை நடத்தலாம் என்பதல்ல இதுவரை சொன்னதன் பொருள். அளக்க ஒன்றும் இல்லாத வகுப்பில் அட்டவணையும் எழாது. கருவிகள் குறைந்து போகும் பள்ளியில் கேள்விகளும் மெல்ல ஓய்ந்துவிடும். பெட்டி தேவையான நிபந்தனை, போதுமான நிபந்தனை அல்ல. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இதற்கு நேரம் எங்கே என்ற ஆட்சேபம் வழக்கமாக வரும். நால்வர் குழுவென்றால் நாற்பது பேருக்குப் பத்து எண்கள்தான், பலகையில் ஒரு நெடுவரிசை. நுழைவுத் தேர்வுகளுக்கு இது உதவாது என்ற ஆட்சேபத்தை ஆறாம் வகுப்பைப் பற்றிய கட்டுரையில் நான் பொருட்படுத்தப் போவதில்லை. திட்டம் நிறுத்தப்பட்டபோது முன்வைக்கப்பட்ட, மாநிலம் முழுவதும் ஒரே பாடத்திட்டம் வேண்டும் என்ற வாதம் நிர்வாக வாதம். பிள்ளைகளின் ஈடுபாட்டைப் பற்றி அது ஒன்றும் சொல்லவில்லை. உண்மையில் சங்கடம் தரும் ஆட்சேபம் வேறு: முடிவுகளின் முரண்பாடு சில பிள்ளைகளுக்குக் கிளர்ச்சியூட்டும், சிலரை அச்சுறுத்தி வாயடைக்கும். சாதியும் பாலினமும் இருக்கைகளையே பிரித்துவைக்கும் வகுப்பறையில் யாருடைய எண் முதலில் சந்தேகிக்கப்படுகிறது? நூல் இதற்கு விடை தரவில்லை. கூட்டு அட்டவணையில் எல்லா எண்களும் பெயரின்றிச் சமமாக நிற்கின்றன என்பது ஓரளவு பாதுகாப்பு. முழுப் பாதுகாப்பு என்று சொல்ல எனக்குத் துணிவில்லை.

சவாலிராம் என்ற கற்பனைப் பாத்திரத்துக்குப் பிள்ளைகள் எழுதிய கேள்விக் கடிதங்களை ஈடுபாட்டின் சான்றாகக் காட்டுவது பெட்டி வாசிப்பின் இன்னொரு பழக்கம். கடிதம் எழுதியவர்கள் தாமாக முன்வந்தவர்கள் என்பதால் அவர்களைக் கொண்டு வகுப்பு முழுவதையும் அளக்க முடியாது. இருந்தும் ஒன்றைக் கவனிக்கலாம். பாடநூலிலேயே கேள்வி கேட்க ஒரு முகவரி தரப்பட்டிருந்தது என்பது, பாடம் வகுப்போடு முடியவில்லை என்று நூலாசிரியர்கள் கருதியதைக் காட்டுகிறது. ஆர்வம் எப்படி நிலைக்கிறது என்ற கேள்விக்கு அவர்களின் விடை பெட்டியில் அல்ல, இங்கே இருந்தது.

இரு வாசிப்புகளையும் தமிழ்நாட்டிலேயே சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. பெரிய செலவும் ஆகாது. வானவில் மன்றக் கருத்தாளர்கள் ஒரே சோதனையைப் பல பள்ளிகளுக்குக் கொண்டு போகிறார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பள்ளிகளில் இப்போது நடப்பதுபோலவே நடக்கட்டும். மறுபாதியில் பெட்டியைத் திறக்குமுன் பிள்ளைகள் தங்கள் கணிப்பைக் குறிப்பேட்டில் எழுதட்டும், கணிப்புகளின் எண்ணிக்கை பலகையில் ஏறட்டும், சோதனையைக் குழுக்கள் தனித்தனியே செய்து தத்தம் அளவீட்டை ஒரே அட்டவணையில் சேர்க்கட்டும். அன்றைய மகிழ்ச்சியை அளப்பதில் பயனில்லை, இரு பாதியிலும் அது நிறையவே இருக்கும். மூன்று வாரம் கழித்து, கருத்தாளர் இல்லாத ஒரு நாளில், அதே சோதனையில் ஒன்றை மாற்றினால் என்ன ஆகும் என்று கேட்டு, எத்தனை பிள்ளைகள் விடை எழுதுகிறார்கள் என்பதோடு, எத்தனை பேர் செய்து பார்க்கலாமா என்று ஆசிரியரைக் கேட்கிறார்கள் என்பதையும் குறிக்க வேண்டும். இரண்டாவது எண் இரு பாதியிலும் ஒன்றாக இருந்தால் இக்கட்டுரையின் வாசிப்பு தவறு.